பத்தடி தள்ளி நின்று பாருங்கள்

காரின் இடப்பக்கக் கதவில் சொட்டை விழுந்துவிட்டது. பின்பம்பரில் எவனோ பைக்காரன் கோடு போட்டுவிட்டுப் போய்விட்டான். இனி ஒரு நல்ல பட்டறையைத் தேடிப் பிடிக்க வேண்டும். கவலை வேண்டாம். பட்டறையின் தரத்தை எடைபோடும் திறமை உங்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அதை வரிசைப்படுத்திக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை. கீழே சொன்னபடி செய்யுங்கள். செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள், இன்னும் கொஞ்சம் மனமொன்றிச் செய்யுங்கள்.

1. கடைசி நேரத்தில் போங்கள்

வண்டி நன்றாக ஓடும் காலத்தில் நாலு பட்டறையை எட்டிப் பார்த்து வைப்பதெல்லாம் வேலைவெட்டி இல்லாதவர்கள் செய்வது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்றால் வெள்ளிக்கிழமை காலையில் போங்கள். "நாளைக்குள்ள வேணும்" என்று ஆரம்பியுங்கள். "நாலு நாள் ஆகும் சார்" என்பவரைச் சோம்பேறி என்று கழித்துவிடுங்கள். "சாயங்காலமே எடுத்துக்கலாம்" என்பவர்தான் தொழில் தெரிந்தவர்.

அந்த நாலு நாள்காரர் விளக்கம் சொல்ல வருவார்: தகரத்தைத் தட்டி எடுக்கணும், பட்டி காயணும், பிரைமர் அடிச்சுக் காயவிட்டுத் தேய்க்கணும், அப்புறம் பேஸ் கோட், அதுக்கு மேல கிளியர் கோட், கடைசியா பூத்துல 60 டிகிரி சூட்டுல அரை மணி நேரமாவது நிக்கணும். காதில் வாங்காதீர்கள். ஒரு அடுக்கு காய்வதற்குள் அடுத்ததை ஏற்றினால், அடியில் மாட்டிய தின்னர் பின்னால் மெல்ல மெல்ல வெளியேறும், பளபளப்பு மங்கும், எமரி பேப்பர் தேய்த்த கோடுகள் மேலே வந்து முகம் காட்டும். உண்மைதான். ஆனால் அதெல்லாம் கல்யாணம் முடிந்த பிறகு.

2. உட்காரும் இடத்தை வைத்து முடிவு கட்டுங்கள்

இதில் நீங்கள் இரண்டு கட்சி. முதல் கட்சிக்கு ஏசி போட்ட வரவேற்பறை வேண்டும், மெஷின் காபி வேண்டும், கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு "குட் மார்னிங் சார்" சொல்லும் சர்வீஸ் அட்வைசர் வேண்டும். பெரிய இடங்களில் வேலை நடக்கும் கூடத்தைப் பார்ப்பதற்கென்றே ஒரு கண்ணாடிச் சுவர் இருக்கும். அதற்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். டிவி எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கிறது.

இரண்டாம் கட்சிக்கு ஏசியே பிடிக்காது. "அங்கெல்லாம் ஷோதான் சார். நம்ம ஆளு ஷெட்டு வெச்சிருக்காரு, கையில கிரீஸ் இல்லாம பாக்கவே முடியாது." கிரீஸின் அடர்த்தியை வைத்துத் திறமையை அளக்கும் இந்த முறை எளிமையானது, பழுதில்லாதது. வேப்பமரத்தடியில் பெயின்ட் அடிப்பவர் என்றால் இன்னும் விசேஷம். கோடையில் அடித்த பெயின்டில் நாலு வேப்பம்பூ நிரந்தரமாகத் தங்கிவிட்டால், கைவேலை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

கட்சி எதுவானாலும் சில பொருட்களின் பக்கம் கண்ணை மட்டும் திருப்பாதீர்கள். டார்க் ரெஞ்ச் சுவரில் தொங்குகிறதா, வீல் நட்டை ஸ்பேனர் மேல் ஏறி மிதித்து இறுக்குகிறார்களா என்று பார்க்காதீர்கள். ஜாக்கியின் மேல் மட்டுமே நிற்கும் வண்டிக்கு அடியில் பையன் படுத்திருக்கிறானா, ஸ்டாண்டு கொடுத்திருக்கிறார்களா என்று குனியாதீர்கள். கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்றில் தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டி மாட்டியிருக்கிறதா என்று கேட்காதீர்கள். சென்னையின் ஐப்பசி ஈரத்தில் அது இல்லாவிட்டால் பெயின்டுக்குள் நீர் புகுந்து பிறகு கொப்புளம் கிளம்பும். பக்கத்து வண்டிக்கு ஒருவர் டேஷ்போர்டு பாலிஷை ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருப்பார். அதில் இருக்கும் சிலிக்கோன் காற்றில் மிதந்து வந்து உங்கள் கதவில் படிந்தால், அதன் மேல் அடித்த பெயின்ட் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகும். பெயின்டர்கள் அதை மீன்கண் என்பார்கள். நீங்கள் டிசைன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயின்டரின் முகத்தையும் பார்க்காதீர்கள். 2கே பெயின்டில் கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதைச் சுவாசித்துச் சுவாசித்துப் பெயின்டர்களுக்கு ஆஸ்துமா வருவது உலகெங்கும் அறிந்த தொழில்நோய். மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தால், பாதுகாப்பில் அக்கறையுள்ள பட்டறை என்று குறித்துக்கொள்ளுங்கள். தன் ஆளின் நுரையீரலைக் கவனிக்காத முதலாளி உங்கள் கதவை மட்டும் பார்த்துப் பார்த்துச் செய்வார் என்று நம்புவதற்கு ஒரு மனஉறுதி வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது.

3. நோயைச் சொல்லாதீர்கள், மருந்தைச் சொல்லுங்கள்

"மூணாவது கியர்ல மேடு ஏறும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுது, வண்டி இழுக்கல" என்று விவரம் சொல்வது பலவீனத்தின் அடையாளம். உங்களை ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்கள். "கிளட்ச் பிளேட் மாத்திடுங்க" என்று நேரடியாகத் தீர்ப்பு வழங்குங்கள். அலுவலக நண்பர் சொன்னது என்றால் இன்னும் நல்லது. மாற்றிக் கொடுப்பார்கள். பிரச்சினை அப்படியே இருந்தால், அடுத்து எதை மாற்றலாம் என்று அதே நண்பரிடம் கேளுங்கள்.

ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறை கிடைத்தால் அதிர்ஷ்டம். இன்ஜின் விளக்கு எரிகிறதா? ஸ்கேனரைச் செருகினால் ஆக்ஸிஜன் சென்சார் என்று வரும். உடனே சென்சாரை மாற்றச் சொல்லுங்கள். எங்கோ வெடித்துப்போன வேக்குவம் குழாய் வழியாகக் காற்று புகுந்தாலும் அதே சென்சார்தான் புகார் கொடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 'அடுப்படியில் புகை வருது' என்று கத்திய பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, வேறு பிள்ளையைத் தத்தெடுப்பதுதான் நவீன முறை.

4. "பாத்துப் பண்ணுங்க"

எஸ்டிமேட் எழுதி வாங்காதீர்கள். "எவ்வளவு ஆகும்?" "விட்டுட்டுப் போங்க சார், பாத்துக்கலாம்." "சரி, பாத்துப் பண்ணுங்க." இந்த மூன்று வாக்கியமும் சேர்ந்தால் நம்மூரில் ஒப்பந்தம். ஜாப் கார்டு நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போடுங்கள். கிலோமீட்டர், பெட்ரோல் முள், ஸ்டெப்னி, ஜாக்கி இதையெல்லாம் எழுதச் சொல்வது அவர்களைச் சந்தேகப்படுவது போல. வண்டியைச் சுற்றி வந்து போட்டோ எடுப்பது அதைவிட அவமரியாதை.

பேரம் மட்டும் விடாதீர்கள். ஒரு பேனலுக்கு நாலாயிரம் என்றால் இரண்டரையில் நில்லுங்கள். சலித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார். நீங்கள் குறைத்த ஆயிரத்து ஐந்நூறு எதிலிருந்து குறைந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். முன்பு கதவின் கைப்பிடி, கண்ணாடியோரத்து ரப்பர் பீடிங், பக்கக் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு அடிக்க நினைத்திருந்தார். இப்போது அவற்றின் மேல் பேப்பரும் டேப்பும் ஒட்டிவிட்டு அடிப்பார். டேப் ஓரத்தில் பெயின்ட் ஒரு கூரான விளிம்பாக நின்றுவிடும். பிரஷர் வாஷ் அடிக்கும் பையன் ஒருநாள் சரியாக அந்த விளிம்பில் தண்ணீரைப் பாய்ச்சுவான். பெயின்ட் அங்கிருந்து உரியத் தொடங்கும். அந்தப் பையனைத் திட்டுங்கள்.

5. "இன்சூரன்ஸா, கேஷா சார்?"

பட்டறையில் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். சொட்டையைப் பார்ப்பதற்கு முன்பே கேட்பார்கள். பதிலைப் பொறுத்துச் சொட்டையின் ஆழம் மாறும். கேஷ் என்றால் "தட்டி எடுத்துடலாம்", இன்சூரன்ஸ் என்றால் "கதவையே மாத்திடலாம் சார், உங்களுக்கென்ன". உங்களுக்கென்ன? தலையாட்டுங்கள்.

வழக்கமான பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்குப் பாதி விலை உங்கள் தலையில். ஃபைபர் என்றால் 30 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவே கிடையாது. பெயின்ட் பில்லில் 25 சதவீதத்தைப் பொருள் செலவாக எடுத்துக்கொண்டு, அதில் பாதியைக் கழிப்பார்கள். அதாவது 16,000 ரூபாய் பெயின்ட் பில்லில் 2,000 உங்களுடையது. இது போக, கட்டாயமாக நீங்கள் ஏற்க வேண்டிய தொகை 1,500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. ஒரே ஒரு கிளைம் போட்டால், ஐந்து வருடம் ஒன்றும் கேட்காமல் சேர்த்த 50 சதவீத போனஸ் பூஜ்யத்துக்கு இறங்கும். இந்தக் கணக்கையெல்லாம் தெரிந்துகொண்டு போனால் அட்வைசரோடு பேசச் சுவாரசியமே இருக்காது. கீறலுக்குக் கிளைம் போடுங்கள். பில் வந்ததும் அதிர்ச்சியடையுங்கள்.

வெள்ளம் வந்தால் இந்தப் படி இன்னும் எளிது. 2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ பேர் வெற்றிகரமாகச் செய்து காட்டியதுதான்: தண்ணீரில் நின்ற காரில் ஏறி, சாவியைத் திருகி, ஓடுகிறதா என்று பாருங்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீரைப் பிஸ்டன் அமுக்கப் பார்க்கும், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். இன்ஜினுக்கென்று தனியாக எடுக்கும் பாதுகாப்பு பாலிசியில் இல்லாவிட்டால் இந்தச் செலவைக் கம்பெனி ஏற்பது கடினம். பிறகு நிதானமாக, "இன்ஜினை நீங்கதான் கெடுத்தீங்க" என்று பட்டறைக்காரரிடம் சண்டைக்குப் போங்கள்.

6. வேலை நடக்கும்போது அந்தப் பக்கம் போகாதீர்கள்

போனால் சில விஷயங்கள் கண்ணில் படும். டிங்கர் என்பவர் சொட்டையின் பின்பக்கம் கை விட்டு, ஒரு பக்கம் இரும்புக் கட்டையைக் கொடுத்து மறுபக்கம் சுத்தியலால் மெல்லத் தட்டி, தகரத்தை அதன் பழைய வடிவத்துக்குக் கூட்டி வர வேண்டும். கை போகாத இடத்தில் ஊசி ஊசியாக வெல்டு வைத்து வெளியிலிருந்து இழுப்பார்கள். கடைசியில் மிஞ்சும் மேடு பள்ளத்துக்கு மட்டும் பட்டி. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இதற்குப் பொறுமை வேண்டும், கூலி வேண்டும். நீங்கள் இரண்டையும் வெள்ளிக்கிழமையே குறைத்துவிட்டீர்கள்.

ஆகவே சுருக்கு வழி. பழைய பிளாஸ்டிக் பலகை ஒன்றில் பட்டியைக் கொட்டி, ஹார்ட்னரைப் பிதுக்கிக் கலந்து, பள்ளத்தை அப்படியே நிரப்பி, தேய்த்துச் சமமாக்கிவிடலாம். பையன் தேய்க்கும்போது தண்ணீர் சாம்பல் நிறமாக ஓடும். உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்ப்பான். கண்ணை மூடிக்கொண்டு மேடு கண்டுபிடிப்பான். அது உண்மையிலேயே ஒரு கலை. விரல் பருமன் பட்டியின் மேல் நிகழ்த்தப்படும் கலை. கதவை நாலு வருடம் ஓங்கிச் சாத்தினால் அதில் ஒரு மெல்லிய விரிசல் ஓடும். ரொம்ப நசுங்கிய கதவென்றால் சென்னைப் புதுப்பேட்டையில் அதே மாடலுக்குப் பழைய ஒரிஜினல் கதவே கிடைக்கும், அதை மாட்டி அடித்தாலும் இதைவிடத் தேவலாம் என்று டிங்கரே சில சமயம் சொல்வார். "பழைய பொருளா?" என்று முகம் சுளியுங்கள்.

காந்தம் எடுத்துப் போகாதீர்கள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் பொம்மைக் காந்தமே போதும்: தகரத்தில் ஒட்டும், கனமான பட்டியின் மேல் நழுவி விழும். மைக்ரான் மீட்டர் இன்னும் ஆபத்து. கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் காட்டும். பட்டி அப்பிய இடத்தில் எண் பல நூறைத் தாண்டி ஆயிரத்துக்கு ஏறும். இவ்வளவு தெரிந்துகொண்டு நிம்மதியாக இருக்க முடியுமா?

7. இருட்டிய பிறகு டெலிவரி எடுங்கள்

இதுதான் மையமான படி. மற்றதில் தவறினாலும் இதில் தவறாதீர்கள்.

ஏழு மணிக்குப் போங்கள். வண்டி அப்போதுதான் கழுவி ஈரமாக நிற்க வேண்டும். ஈரத்தில் எல்லா வண்டியும் புது வண்டி. மேலே ஒரு எல்ஈடி டியூப் எரிய வேண்டும். பத்தடி தள்ளி நில்லுங்கள். கையைக் கட்டிக்கொள்ளுங்கள். "சூப்பர்" என்று சொல்லுங்கள்.

இங்கே செய்யக் கூடாதவை நிறைய இருக்கின்றன. டியூப் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் வெயிலில் வேறு வேறாகத் தெரியும். ஆகவே வெயில் வேண்டாம். மெட்டாலிக் நிறத்தில் அலுமினியத் துகள்கள் படுத்திருக்கும் விதம் மாறினால் நேரே பார்க்கையில் சரியாக இருக்கும் கதவு, பக்கவாட்டில் பார்க்கையில் ஒரு சாயல் கறுத்துத் தெரியும். ஆகவே பக்கவாட்டில் நடக்காதீர்கள். ஒரே கலர் கோடில்கூட வண்டிக்கு வண்டி சாயல் மாறும் என்பதால் பெயின்ட் கம்பெனிகள் மாற்றுச் சாயல் அட்டைகளே வைத்திருக்கின்றன. இதைத் தெரிந்த பெயின்டர் பக்கத்துப் பேனல் வரைக்கும் நிறத்தை மெல்ல இழைத்துவிடுவார். அதற்குப் பக்கத்துப் பேனலுக்கும் சேர்த்துக் கூலி கேட்டாரே, "அது நல்லாத்தானே இருக்கு, அதுக்கு ஏன்?" என்று மடக்கினீர்களே, நினைவிருக்கிறதா? நன்றாக மடக்கினீர்கள்.

குழல்விளக்கின் பிம்பத்தைக் கதவில் பார்க்காதீர்கள். நல்ல பரப்பில் அது நேர்கோடாக நிற்கும். பட்டி சரியாகத் தேயாத இடத்தில் நெளியும். ஸ்ப்ரே கன் சரியாக அமையாத இடத்தில் ஆரஞ்சுத் தோல் மாதிரி பொரியும். கதவு இடுக்கில் விரல் விடாதீர்கள், மேலும் கீழும் ஒரே அகலமா என்று தெரிந்துவிடும். டயரின் பக்கவாட்டிலும், வீல் ஆர்ச் உள்பக்கத்திலும், பீடிங் ஓரத்திலும் உங்கள் கார் நிறத்தில் பொடிப் பொடியாகத் தூவியிருக்கும். குனியாதீர்கள், இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

ஓர் எச்சரிக்கை. சில பழைய பெயின்டர்கள் இருக்கிறார்கள். கலர் கலந்ததும் ஒரு தகரத் துண்டில் அடித்து, காயவைத்து, உங்கள் கதவோடு ஒட்டி வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள். தலையைச் சாய்த்துப் பார்ப்பார்கள். திரும்பிப் போய் கறுப்பு ஒரு சொட்டு விட்டு மறுபடி வருவார்கள். "காலையில பத்து மணிக்கு வாங்க, வெயில்ல பாத்து எடுத்துக்கங்க" என்றும் சொல்வார்கள். இப்படிப்பட்டவரிடம் மாட்டிக்கொண்டால் மேற்படி பயிற்சி முழுவதும் வீண். பேச்சுக் கொடுக்காமல் நழுவிவிடுங்கள்.

8. பழைய பார்ட்டைக் கேட்காதீர்கள்

மாற்றிய பிரேக் பேடு, ஃபில்டர், பெல்ட் எல்லாம் அழுக்கு. சீட்டு கறையாகும். "ஒரிஜினல்தான் சார்" என்று காலிப் பெட்டியைக் காட்டுவார், பெட்டி ஒரிஜினல்தான். பில்லில் நான்கு லிட்டர் ஆயில் என்றால் நான்கு லிட்டர். உங்கள் இன்ஜின் எத்தனை பிடிக்கும் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கிறது; அது டேஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக் உறையோடு, பிரிக்கப்படாமல், நலமாக இருக்கிறது. இருக்கட்டும்.

9. வீட்டுக்குப் போனதும் வாக்ஸ் போடுங்கள்

ஒரு மாதம் பெயின்டை மூச்சுவிட விடச் சொல்வார்கள். முதல் ஞாயிறே பாலிஷ் போடுங்கள்.

10. புதுப் பட்டறைக்காரரின் முதல் வாக்கியத்தைக் கேளுங்கள்

ஆறு மாதத்தில் கதவின் கீழ் ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வரும். அடித்துக் கொடுத்தவரிடம் போகாதீர்கள். அவர் ஒருவேளை "கொண்டாங்க, சரி பண்ணித் தரேன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டால், ஊரெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டிருப்பதில் பொருள் இருக்காது. வேறு பட்டறைக்குப் போங்கள். அவர் குனிந்து பார்த்து, விரலால் சுரண்டி, உச்சுக் கொட்டி, "யார் சார் இந்த வேலை பாத்தது?" என்பார். அசந்துபோங்கள். இப்படிக் கேட்பவர் நிபுணர். முன்னவரும் உங்கள் பழைய வண்டியைப் பார்த்து இதே வார்த்தையைச் சொல்லித்தான் உங்கள் மனத்தைப் பிடித்தார் என்பது நினைவுக்கு வந்தால் தள்ளிவிடுங்கள். சாவியைக் கொடுங்கள்.

ஒன்றே ஒன்று பாக்கி. டெலிவரி எடுத்த இரவே முதல் பட்டறைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு, "வண்டி ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி இருக்கு" என்று போனில் எழுதினீர்கள் அல்லவா? கொப்புளத்தைக் கண்டதும் கை பரபரக்கும். அழிக்காதீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் உங்கள் மச்சான் தன் வண்டியை அங்கே விட்டிருக்கிறார். இப்போதுதான் பட்டி பூசி முடித்திருக்கிறார்கள். பாதி வேலையில் மனுஷனைக் கலவரப்படுத்துவானேன்?